யார் பேரில்?

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற சாலையில் லேனாவிளக்கு என்று ஒரு நிறுத்தம் உண்டு. அங்கே ஒரு முகாம் இருக்கிறது. அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலையில் இன்னொன்று, ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லையில் மற்றொன்று. மூன்றிலும் இருப்பவர்கள் இலங்கைப் போருக்குத் தப்பிப் படகேறி வந்த தமிழர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். எங்கள் மாவட்டத்தின் பெருமையைச் சொல்லச் சொன்னால் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை என்று பாறைகளாக அடுக்குவோம். அந்த வரிசையில் இந்த மூன்று ஊர்களும் வருவதில்லை. போருக்குப் பிறகு பெண்களின் உழைப்பு என்ன ஆனது என்று கேட்க விரும்புகிறவர், ஐரோப்பாவின் வெடிமருந்துச் சாலைகளுக்குப் போவதற்கு முன்னால் இந்த மூன்று இடங்களுக்கும் போய்வர வேண்டும்.

"போர் வந்தது, ஆண்கள் போனார்கள், பெண்கள் வேலைக்கு வந்தார்கள்" என்று பாடப்புத்தகம் சொல்லும். மேல்தட்டுக்கும் நடுத்தட்டுக்கும் அது ஓரளவு பொருந்தும். நம் ஊர்க் கூலிக் குடும்பங்களில் பெண் வேலைக்குப் போகாமல் இருந்த காலம் எது? நாற்று நட்டவள், களையெடுத்தவள், கல் சுமந்தவள், மீன் உலர்த்தியவள் எல்லாரும் போருக்கு முன்னும் உழைத்தார்கள், பின்னும் உழைத்தார்கள். அதனால் போருக்குப் பிறகு பெண் வேலைக்குப் போனாளா என்ற கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வேலை யார் பேரில் எழுதப்பட்டது? குத்தகைச் சீட்டில், காணிப் பத்திரத்தில், வங்கிப் புத்தகத்தில், கடன் அட்டையில் யார் பேர் இருந்தது? இதைப் பிடித்துக்கொண்டு போனால்தான் எது மாறியது, எது மாறவில்லை என்று தெரிகிறது.

பிரிட்டனில் நடந்ததை ஒருமுறை பார்த்துவிடலாம். முதல் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் அங்கே வெடிமருந்து, தளவாடத் தொழிற்சாலைகளில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். அவர்களை உள்ளே விடும்போதே, போர் முடிந்ததும் பழைய ஏற்பாடு திரும்பும் என்று தொழிற்சங்கங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1919இல் போருக்கு முந்திய நடைமுறைகளை மீட்கும் சட்டம் வந்தது. அதன்படி, எந்த வேலை யாருடையது என்ற பழைய வரையறை திரும்பவும் நிலைநாட்டப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் இதற்கு நேர்மாறு. ஆண்கள் செத்தும் சிறைப்பட்டும் போனதால், பெண்களைக் கட்டட வேலைக்கும் இடிபாடு அகற்றவும் அமர்த்த 1946 ஜூலையில் நேச நாட்டு நிர்வாகமே சட்டம் போட்டது. ஓர் இடத்தில் பெண்ணை வெளியே அனுப்பியதும், இன்னோர் இடத்தில் உள்ளே இழுத்ததும் ஏட்டில் எழுதிய வரிதான். ஏடு நம் பக்கம் எப்படி நடந்துகொண்டது என்பதுதான் என் அக்கறை.

1990 ஜூனில் இலங்கையில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்கும் ராமேசுவரத்துக்கும் படகு படகாகச் சனம் வந்து இறங்கியது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்தது முதல் அலை என்றால், இது அதைவிடக் கலங்கிய அலை. மண்டபம் முகாமில் பதிந்து, பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். புதுக்கோட்டைக்கும் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் எல்லாரும் யாழ்ப்பாணத்தாரோ மன்னாராரோ அல்ல. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரங்களுக்குப் பயந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறி, அங்கிருந்தும் விரட்டப்பட்டு வந்தவர்கள் கணிசம். அவர்களுடைய பாட்டனும் பூட்டியும் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணி பின்னால் கண்டிச் சீமைக்குப் போனவர்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. கொழுந்து பறித்த பெண்ணின் கையில் எந்தக் காலத்திலும் அவள் பேருக்கென்று ஒரு துண்டு நிலம் இருந்ததில்லை. பூட்டி புறப்பட்ட சீமைக்கே கொள்ளுப்பேத்தி அகதியாகத் திரும்பி வந்தாள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அவர்கள் வந்து கூரைக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்ற அதே ஆண்டுகளில், அதே மாவட்டத்தில் வேறொரு காரியம் நடந்தது. அதை இங்கே விரிவாகச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது.

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. கண்மாயில் தண்ணீர் நின்றால் ஒரு போகம், இல்லாவிட்டால் கல்லுக்குழி. கல்லுக்குழியில் குடும்பம் குடும்பமாக வேலை. ஆண் கடப்பாரையும் வெடியும் பிடிப்பான். பெண் சம்மட்டியும் சுத்தியலும் பிடித்து ஜல்லி உடைப்பாள், கூடையில் சுமந்து லாரியில் கொட்டுவாள். குழி அரசுப் புறம்போக்கு. குத்தகை ஏலம் எடுப்பது பணக்காரக் குத்தகைதாரர். அவர் கொடுத்த முன்பணத்துக்கு வட்டியும் அசலுமாக உழைப்பு கழிந்துகொண்டே இருக்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. குழிக்குள் அது இறங்கி வரவில்லை.

1990களின் தொடக்கத்தில் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எடுத்த முடிவு எளிமையானது. அதன் வீச்சு பெரியது. குத்தகையைக் கல் உடைக்கும் பெண்களின் பேரிலேயே எழுதிக் கொடுத்தார். ஊரகப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் குழுக்கள் அமைத்து, அந்தக் குழுக்களிடம் குழிகளை ஒப்படைத்தார்கள். நாலாயிரம் அளவிலான பெண்கள், அதுவரை யாருடைய முன்பணத்துக்கோ உழைத்தவர்கள், தாங்களே குத்தகைதாரர் ஆனார்கள். அந்த மாற்றத்தைச் சம்மட்டியில் பார்க்க முடியாது. அதே சம்மட்டி, அதே வெயில், அதே தோள்வலி. ஆனால் எந்த லாரியில் எத்தனை லோடு போனது என்று எழுதும் ஏடு இப்போது அவர்கள் கையில். லாரி வெளியே போக வேண்டுமானால் நடைச்சீட்டு வேண்டும். அதில் கையெழுத்துப் போடும் உரிமை அவர்களுக்கு.

கையெழுத்து என்று வந்ததும் கேள்வி எழுந்தது: கைநாட்டு வைக்கிறவள் லோடு கணக்கை எப்படிச் சரிபார்ப்பாள்? அங்கேதான் அறிவொளி இயக்கம் வந்து பொருந்தியது. 1991இலும் 1992இலும் மாவட்டம் முழுக்க மாலை வகுப்புகள் நடந்தன. தெருவிளக்கின் அடியிலும் கோயில் மண்டபத்திலும் பெண்கள் கூட்டம் கூட்டமாக எழுத்துக் கூட்டினார்கள். குடுமியான்மலைக் கல்லுக்குழிப் பெண்களும் அதில் இருந்தார்கள். கூலிக் கணக்கைத் தானே கூட்டிப் பார்க்கத் தெரிந்தவளிடம் கணக்கைக் குழப்பிப் பேசுவது கடினம்.

பிறகு சைக்கிள். இதைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகமே படித்துவிட்டது என்றாலும், ஊர்க்காரனாக எனக்கு அதில் வேறொரு தடம் தெரிகிறது. ஒரு லட்சம் பெண்களுக்குமேல் அந்த நாளில் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி புதுக்கோட்டை நகரத்துச் சாலைகளை நிறைத்தார்கள். பெண்கள் சைக்கிள் கடைகளில் போதவில்லை. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்துக்கொண்டு, முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்தார்கள். இதை எல்லாரும் விடுதலை என்ற பெரிய சொல்லால் சொல்கிறார்கள். சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் கல்லுக்குழிக்கு, கூட்டுறவு வங்கிக்கு, ஆட்சியர் அலுவலகத்துக்கு, பஸ் இல்லாத நேரத்தில் ஒருத்தி தானாகப் போய்வர முடிந்தது என்பதுதான் குத்தகைச் சீட்டுக்கு உயிர் கொடுத்தது. காகிதம் இருந்தும் அலுவலகத்துக்குப் போக வழியில்லாதவளுக்கு அந்தக் காகிதம் பரண்மேல் கிடக்கும்.

இது நிலைத்ததா? முழுதாக இல்லை. பழைய குத்தகைதாரர்கள் சும்மா விடவில்லை. விற்பனை வழியை அடைத்தார்கள், வழக்குப் போட்டார்கள், மிரட்டினார்கள். நிர்வாகத்தின் கை தளர்ந்ததும் பல குழிகள் கைமாறின. இருந்தாலும், பேர் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு மாவட்டம் சில ஆண்டுகள் கண்ணால் கண்டது.

அந்தச் சில ஆண்டுகளில் லேனாவிளக்கில் என்ன நடந்தது?

1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பின் முகாம்களின்மேல் சந்தேகத்தின் நிழல் விழுந்தது. கணக்கெடுப்பு கடுமையானது, வெளியே தங்க அனுமதி தேவைப்பட்டது, தொண்டு நிறுவனங்கள் உள்ளே போவது தடைப்பட்டது, பிள்ளைகளின் மேற்படிப்புச் சலுகைகள் சில ஆண்டுகள் நின்றுபோயின. 1992இலிருந்து பல்லாயிரம் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே மாவட்டத்தில், ஒரே ஆண்டில், ஒருத்தி கையெழுத்துப் போட்டுக் கல்லுக்குழியை ஏற்கிறாள். இன்னொருத்தி கணக்கெடுப்பு நாளில் ஆளாக எண்ணப்படுவதற்காகக் கூலியை விட்டுவிட்டு முகாமில் நிற்கிறாள். இருவரும் தமிழ் பேசுகிறவர்கள், இருவரும் கூலிக்காரிகள். நடுவில் இருந்தது ஒரு தாள்.

முகாம் பெண்ணின் வேலை அன்றிலிருந்து எப்படி அமைந்தது என்பதை இந்தத் தாள்தான் தீர்மானித்தது. இந்தியச் சட்டத்தில் அகதி என்று தனிப் பிரிவு கிடையாது. அன்று நடப்பில் இருந்த 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டார் சட்டத்தின்கீழ் அவள் வெளிநாட்டாளாகவே எண்ணப்பட்டாள். நிலம் வாங்க முடியாது, அரசு வேலைக்கு மனுப்போட முடியாது. எனவே மிச்சம் இருந்தது அன்றாடக் கூலி. முகாம் ஆண்களுக்குப் பெயின்ட் வேலை என்று தமிழகம் முழுக்கவே ஆகிவிட்டது. பெண்கள் சித்தாளாக, தையல்காரியாக, ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டுகிறவளாக, வீட்டு வேலைக்காரியாக ஆனார்கள். ஆசிரியைப் பயிற்சி முடித்தவளும் சாந்துச் சட்டி தூக்கினாள்.

உதவித்தொகையின் ஏட்டையும் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ரூ.317 கோடி அளவில் ஒரு திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதும் அதில் ஒன்று. அகதிகள் முகாம் என்ற பேரும் மாறி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஆனது. அப்போது மாதத் தொகையும் உயர்ந்தது: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. உயர்வு வேண்டியதே, மனமார வரவேற்கிறேன். ஆனாலும் அந்த இரண்டாம் வரியில் என் கண் நிற்கிறது. 'மற்றப் பெரியவர்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் இருப்பவள் மனைவி. சித்தாள் வேலைக்குப் போய் உலையேற்றுகிறவளும் ஏட்டில் 'மற்ற' ஆள். கணவனை இழந்தாலோ அவன் விட்டுப் போனாலோதான் அவள் முதல் வரிக்கு ஏறுகிறாள்.

இந்த நெருக்கடிக்குள்ளும் முகாம் பெண்கள் தங்களுக்கென்று ஏடு உண்டாக்கிக்கொண்டார்கள். 1984இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் வழியாக முகாம்களில் சுகாதாரப் பணியாளர்களாகவும் மாலை வகுப்பு ஆசிரியைகளாகவும் பயின்றவர்களில் பெண்கள் நிறைய. சேமிப்புக் குழுக்கள் பிறந்தன. பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று எழுதிவைத்த அந்தக் குழுப் புத்தகத்தில்தான் பல பெண்களின் பேர், இந்தியாவில் முதன்முறையாக, யாருடைய மனைவி என்ற ஒட்டு இல்லாமல் தனியாக எழுதப்பட்டது. அவளுக்கு அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

இனிக் கடலுக்கு அந்தப்பக்கம்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. உயிர் தப்பியவர்களில் ஏறக்குறைய 2,80,000 பேரைச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் அதைச் சுற்றியும் வைத்தார்கள். அந்த முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. வீடு திரும்பியபோது வீட்டுக்குத் தலைவன் இல்லாத குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் தெருத் தெருவாக இருந்தன. 2010இல் இலங்கைத் துணை அமைச்சர் ஒருவர் சொன்ன கணக்கு 89,000 விதவைகள். காணாமலாக்கப்பட்டவர்களின் மனைவியரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில் யாருக்கும் தெளிவில்லை.

பிரிட்டன் பெண்களிடம் வேலையைத் திருப்பிக் கேட்க ஆண்கள் திரும்பி வந்தார்கள். வன்னியில் திரும்பி வர ஆளில்லை. அதனால் கிடைத்த எந்த வேலையையும் பெண்ணே செய்தாள். கிளிநொச்சியில் வானவில், விடியல் என்று தமிழ்ப் பேர் வைத்த ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. முகமாலைக் கண்ணிவெடி வயலில், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்புப் போட்டு, மண்டியிட்டு, விரற்கடை விரற்கடையாக மண்ணைக் கிளறுகிற வேலையைக் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் செய்தார்கள். ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளில் மிதிவெடி அகற்றுவது வன்னிப் பெண்ணுக்குக் கிடைத்த ஓரளவு நல்ல சம்பளம். தன் குடும்பத்தைக் குலைத்த இரும்பைத் தோண்டி எடுத்து அதே குடும்பத்துக்குச் சோறு போடுகிறாள். இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குச் சொல் வரவில்லை.

போரின் நடுவிலேயே பெண்ணின் வேலை மாறியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1987 அக்டோபர் 10இல் கோப்பாயில் மாலதி இறந்ததை விடுதலைப் புலிகள் தங்கள் முதல் பெண் போராளியின் வீரச்சாவாகக் குறித்தார்கள். அதன்பின் பெண் படையணிகள் பெருகின. மோட்டார் சைக்கிளில் போன, வாகனம் திருத்திய, நிர்வாகம் நடத்திய பெண்களை வன்னி கண்டது. 2009க்குப் பின் அந்தத் திறமை எதுவும் வேலைச் சந்தையில் சான்றாகவில்லை. முன்னாள் போராளி என்ற பேர் உதவியதைவிடக் கெடுத்தது அதிகம். புனர்வாழ்வு முடித்து வந்தவளுக்குப் பழகிய தையல் இயந்திரமே திரும்பவும் காட்டப்பட்டது. அல்லது படைத்தரப்பின் சிவில் பாதுகாப்புத் திணைக்களம். அந்தத் திணைக்களம் பண்ணைகளிலும் பாலர் பள்ளிகளிலும் ஆள் சேர்த்தது. பாலர் பள்ளி ஆசிரியைக்கு ஊர்ச் சங்கம் தரும் சம்பளத்தைப்போல் பல மடங்கு கொடுத்தது. பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லித் தருகிற பெண்ணின் பேர் பாதுகாப்புத் துறையின் சம்பளப் பட்டியலில் ஏறியது. அந்த வேலைக்குப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பசித்த பிள்ளை வீட்டில் இருக்கிறது. ஆனால் போருக்குப் பின் ஒரு சமூகத்தின் பெண்களுக்குக் கிடைத்த நல்ல சம்பளம் அந்தத் துறையிலிருந்து வந்தது என்பது அந்தச் சமாதானத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

காகிதத்துக்கு வருவோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் நாற்பதாயிரத்துக்கும் மேல் வீடுகள் எழுந்தன. ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போனது. வீட்டுக்காரரே நின்று கட்டிக்கொள்ள வேண்டும். கணவன் இல்லாத பெண்கள் சீமெந்து விலை பேசினார்கள், மேசனிடம் வாதாடினார்கள், அத்திவாரம் எத்தனை அடி என்று அளந்தார்கள். கையில் பணமும் கணக்கும் இருந்ததால் இதைச் செய்ய முடிந்தது. குடுமியான்மலையில் கண்டது இங்கேயும் தெரிகிறது.

ஆனால் நிலம் யாருடையது என்று கேட்டதும் கதை முட்டிக்கொண்டது. வன்னிக் குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுத்த உத்தரவுப் பத்திரக் காணிகள். அவற்றில் பேர் கணவனுடையது. வாரிசு வரிசையிலும் மகளுக்கு முன் மகனை வைத்தது அந்தச் சட்டம். அதைத் திருத்த மிக நீண்ட காலம் ஆனது. யாழ்ப்பாணத்தில் தேசவழமை. சீதனமாகவே வந்த காணியானாலும், கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மனைவி அதை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கணவன் இறந்திருந்தால் மரணச் சான்றைக் காட்டலாம். கணவனைக் கையால் படையினரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவள் என்ன காட்டுவாள்? சம்மதம் கொடுக்க அவன் இல்லை. இறந்தான் என்று எழுதிக் கொடுக்க அவளுக்கு மனம் இல்லை. நீதிமன்றத்தில் மனுப்போடலாம், அதற்கும் பணம் வேண்டும். அம்மா கொடுத்த காணி தன் பேரில் இருந்தும், கோழிப்பண்ணைக்கு வங்கிக் கடன் வாங்க முடியாத நிலை. 2016இல்தான் காணாமல் போனவருக்கு மரணச் சான்றுக்குப் பதில் 'காணப்படாமைச் சான்று' வழங்கச் சட்டத்தில் இடம் வந்தது. பலர் அதையும் வாங்கவில்லை. வாங்கினால் தேடலைக் கைவிட்டதாக ஆகுமோ என்ற பயம் அவர்களுக்கு. 2017 பிப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றிலில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. போராட்டக் கொட்டகையில் முறை வைத்து உட்கார்ந்தவர்கள் அன்றைய கூலியை இழந்துதான் உட்கார்ந்தார்கள். வேலை நேரத்தைக் கணக்கிடுகிறவர்கள் இந்த நேரத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

நல்ல கடன் தர மறுத்த அதே பெண்ணைத் தேடிக்கொண்டு கெட்ட கடன் வீட்டு வாசலுக்கு வந்தது. நுண்நிதி நிறுவனங்கள் காணி உறுதி கேட்கவில்லை, கணவன் கையெழுத்துக் கேட்கவில்லை. நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒருத்திக்கு ஒருத்தி பிணை நின்றால் போதும். கிழமைக்குக் கிழமை வசூல். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. கடன் விவகார வல்லுநர், சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 விழுக்காடு வரை போனதைச் சுட்டிக்காட்டினார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கடைசியில் அதே 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. புதுக்கோட்டைக் கல்லுக்குழியின் முன்பணமும் வன்னியின் கிழமைக் கடனும் அக்கா தங்கைகள். ஒன்றில் குத்தகைதாரர் ஏடு, மற்றதில் நிறுவனத்தின் அட்டை. வன்னிப் பெண்ணின் பேர் முழுமையாகவும் பிழையில்லாமலும் எழுதப்பட்ட ஒரே இடம் அந்தக் கடன் அட்டை என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அதனால் பேர் எழுதினாலே போதும் என்று நான் சொல்லவில்லை. சொத்தில் எழுதுகிறார்களா, கடனில் மட்டும் எழுதுகிறார்களா என்று பார்க்கச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னதில் புதுக்கோட்டைக்காரர்கள் நாம் உபசரித்தவர்களாக, அனுதாபிகளாக மட்டும் தெரிவோம். அது முழு உண்மையாகாது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று நமக்கும் ஒரு கடற்கரை இருக்கிறது. போர் நடந்த ஆண்டுகளில் வடக்கு மீனவர்களைக் கடலில் இறங்க விடாமல் தடுத்திருந்தார்கள். அந்த வெற்றுக் கடலில் நம் விசைப்படகுகள் மடி இழுத்துப் பழகின. 2009க்குப் பின் அவர்கள் திரும்பி வந்து வலை விரித்தபோது, நம் இழுவை மடி அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போனது. நுண்நிதிக் கடனில் வாங்கிய வலையாகவும் அது இருந்திருக்கலாம். அந்த வீட்டில் வலை பின்னுகிற, கருவாடு போடுகிற, நண்டுக்கு விலை பேசுகிற பெண்ணின் உழைப்பையும் சேர்த்துத்தான் அறுத்தது. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. 2018இல் அந்நியப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியது.

இந்தக் கரையிலும் பெண்ணே சுமக்கிறாள். கணவனை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் ஜெகதாப்பட்டினத்துப் பெண் கைக்குழந்தையோடு ஆட்சியர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்கிறாள். 2021 அக்டோபரில் கோட்டைப்பட்டினத்துப் படகு ஒன்று கடற்படைக் கப்பல் மோதி மூழ்கியதில் ஓர் இளைஞர் இறந்தார். படகு முதலாளியின் பேரில், டீசல் மானியம் படகின் பேரில், சிறை கூலி மீனவன் பேரில். மீன் உலர்த்துகிறவள் பேரில் என்ன இருக்கிறது? போர் முடிந்தபின் பாக் நீரிணையின் இருபக்கமும் பெண்களின் வேலை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அதில் நம் படகின் பங்கை நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முகாமில் இப்போது மூன்றாம் தலைமுறை. போர் முடிந்து திரும்பிப் போனவர்கள் சில ஆயிரம் பேர். மற்றவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். இவர்களைப் பற்றிய சட்டம் மெல்ல அசைகிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்ற விதியைக் காட்டி, பக்கத்துத் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்த ஒரு பெண் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் உரிமை பெற்றார். 2024 ஏப்ரலில் வாக்கும் போட்டார். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்களை, ஆவணம் இல்லாமல் தங்கியதற்கான தண்டனைப் பிரிவிலிருந்து 2025இல் ஒன்றிய அரசு விலக்கியது. தண்டனை இல்லை என்றார்கள். குடியுரிமை என்று சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பேர் இல்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறுகிற பெண்ணிடம் எந்த நாட்டாள் என்று நடத்துநர் கேட்பதில்லை. சீட்டைக் கிழித்துத் தருகிறார். முகாம் பெண் அதில் ஏறிச் சித்தாள் வேலைக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிறாள். போகிற வழியெல்லாம் கல்லுக்குழிகள். ஒரு காலத்தில் பெண்கள் குத்தகைக்கு எடுத்த பாறைகளும் அவற்றில் இருக்கும்.

அவளுடைய மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் பிறந்தவள். இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்ப உட்காருகிறாள். பேர், பிறந்த தேதி, பிறந்த ஊர் என்று எழுதிக்கொண்டு வந்தவளின் பேனா, 'நாட்டினம்' என்ற கட்டத்தில் நிற்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கிறாள்.